கைநாட்டு அன்று! ‘ஏற்கிறேன்’ இன்று!

நாடகம் எழுதிப் பழகிய கை, தோழரே! வாதத்தை வைக்குமுன் திரையை உயர்த்திவிடுகிறேன். இரு காட்சிகள். இரண்டையும் கண்டபின் தீர்ப்பை நீரே கூறும்!

முதற்காட்சி. ஆண்டு 1860. திங்கள் அக்டோபர். சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் புறப்படுகிறது. அதிலே 342 பேர். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் செல்வோர். மாதம் 10 ஷில்லிங் கூலி, ஐந்தாண்டுக் கட்டு. தாளில் எழுதியிருப்பதைத் தாமே படித்தறிய வாய்ப்பற்றோர் மிகப் பலர். ஆயினும் என்ன? அடையாளம் இட்டாயிற்று, கீறல் விழுந்தாயிற்று. நவம்பர் 16இல் டர்பன் கரையில் இறங்கினர். கரும்பு இனித்தது, முதலாளிக்கு!

இரண்டாம் காட்சி. ஆண்டு, இந்த ஆண்டு. இடம், இராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் ஊர். கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்குகிறேன். மூதாட்டி ஒருவர், நெரிசலை விலக்கிக்கொண்டு வருகிறார். கையிலே கைப்பேசி. “தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க. இதைக் காட்டித்தான் பணம் தரமாட்டோம்னு சொல்றாங்க” என்கிறார்.

படித்தேன். வளைகுடாவுக்கு ஆள் அனுப்புவதாகக் கூறும் ஓர் இணையதளத்தின் ‘விதிமுறைகளும் நிபந்தனைகளும்’. எல்லாம் ஆங்கிலம். எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்து. மகனுக்கு ஓட்டுநர் வேலை என்றனர். தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போயிற்று. தொண்ணூறாயிரம் ரூபாய் இணையத்தின் வழியே போயிற்று. மகன் மட்டும் போகவில்லை! “அந்நாட்டின் கொள்கை மாறிவிட்டது. நிபந்தனைகளைப் பார்க்கவும். கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது” என்று ஒரு செய்தி வந்தது. பார்க்கவும் என்றார்களே, பார்த்தோம். இருந்தது! “அரசுகளின் கொள்கை மாற்றத்தால் நேரும் இழப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல.” அதற்குக் கீழே, “இவ்விதிகளை முன்னறிவிப்பின்றி எப்போது வேண்டுமாயினும் மாற்றுவோம்.” அதற்கும் கீழே, “நாங்கள் ஏஜண்டு அல்ல. தகவல் தரும் தளம் மட்டுமே.” கடைசியிலே ஒரு சிறு கட்டம். அக்கட்டத்தில் மகன் விரல் பட்டிருக்கிறது. ‘ஏற்கிறேன்!’

திரையை இறக்குகிறேன், தோழரே. 1860இல் மையிலே தோய்ந்த விரலுக்கும், இன்று கண்ணாடியைத் தொட்ட விரலுக்கும் வேறுபாடு என்ன? அன்று தாள், இன்று திரை. அன்று கீறல், இன்று தொடல். அன்றும் எழுதியவன் ஒருவன், கட்டுப்பட்டவன் வேறொருவன். இன்றும் அஃதே!

‘படிக்காமல் ஏன் ஒப்பினான்? பட்டுத் தெரியட்டும்!’ என்று பேசும் படித்த மேதைகள் உண்டு. அவர்களை ஒன்று கேட்கிறேன். நீங்கள் கைப்பேசியில் தட்டிய ‘ஏற்கிறேன்’களில் எத்தனையைப் படித்தீர்கள்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்! மாடமாளிகையில் இருப்பவன் படிக்காமல் ஒப்பினால் அவன் அவசரக்காரன். மண்குடிசையில் இருப்பவன் ஒப்பினால் அவன் அறிவிலியோ? தவிர, அவன் படித்தேயிருந்தாலும் என்ன செய்திருக்க இயலும்? ‘பதினான்காவது விதியை மட்டும் நீக்கிவிடுங்கள்’ என்று கெஞ்ச, அந்தத் திரைக்குக் காது உண்டா? ஏற்கிறேன் என்று ஒரு கட்டம் உண்டு. மறுக்கிறேன், பேசுவோம், மாற்றுவோம் என்பதற்குக் கட்டம் இல்லையே!

இதை நான் மட்டும் கூறவில்லை. நாட்டின் உச்ச நீதிமன்றமே 1986இல், மத்திய உள்நாட்டு நீர்ப் போக்குவரத்துக் கழக வழக்கில் கூறியிருக்கிறது. வலுவில் சமமற்ற இருவருக்கிடையே, வலியவன் வகுத்ததை எளியவன் புள்ளிக்கோட்டில் ஒப்பமிட்டு ஏற்பதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலையில் உருவாகும் அநீதியான நிபந்தனை செல்லாது என்றது அத்தீர்ப்பு. அன்று புள்ளிக்கோடு, இன்று சிறு கட்டம். கோடு கட்டமாகிவிட்டதால் கொடுமை நேர்மையாகிவிடுமோ?

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். கறுப்பு அங்கி அணிந்தவனல்லன். ஆயினும் அந்தத் தாயின் முகம் உறங்கவிடவில்லை. மூன்று இரவு சட்டப் புத்தகங்களைப் புரட்டினேன். கண்டதை உம் முன் வைக்கிறேன்.

‘நாங்கள் ஏஜண்டு அல்ல’ என்கிறார்களே, அந்த அரணை முதலில் தகர்ப்போம். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், ஆள் சேர்த்தல் என்ற சொல்லுக்குப் பொருள் கூறுகிறது. ஆள் சேர்ப்பதற்காக விளம்பரம் வெளியிடுவதும் ஆள் சேர்த்தலே. அயல்நாட்டில் வேலை பெற்றுத் தருவதாக, பெற உதவுவதாக விளம்பரம் செய்வதும் ஆள் சேர்த்தலே. அது குறித்துக் கடிதத் தொடர்பு கொள்வதும், பேரம் பேசுவதும், உடன்பாடு காண்பதும் ஆள் சேர்த்தலே! அதைச் செய்வோன் பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 10ஆம் பிரிவு. பெயர்ப்பலகையை மாற்றினால் தொழில் மாறிவிடுமா? சாராயக்கடை வாயிலிலே ‘பாலகம்’ என்று எழுதிவைத்தால் உள்ளே இருப்பது பாலாகுமா?

‘நாங்கள் இடைத்தளம், பிறர் இடுவதைக் காட்டுகிறோம், அவ்வளவே’ என்று 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவைக் குடையாகப் பிடிப்போரும் உண்டு. அந்தக் குடைக்கும் காம்பு உண்டு, தோழரே! உரிய கவனத்துடன் நடந்துகொண்டவனுக்குத்தான் அப்பிரிவு நிழல் தரும். விளம்பரத்தை எழுதுவது இவன், ஆளைத் தேர்ந்தெடுப்பது இவன், பணத்தை வாங்குவது இவன்; பொறுப்பு மட்டும் எவனுடையதோ?

அடுத்தது பணம். பதிவு பெற்ற ஏஜண்டு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு விதி ஓர் உச்சவரம்பு இட்டது. 30,000 ரூபாயும் அதற்கான சரக்கு-சேவை வரியும். வாங்கியதற்கு ரசீது தரவேண்டும். அந்தத் தாய் கொடுத்தது தொண்ணூறாயிரம்! பதிவு பெறுவோன் 50 இலட்சம் ரூபாய்க்கு வங்கி உறுதி தரவேண்டும். நூறு பேர்வரை மட்டுமே அனுப்பும் சிறு ஏஜண்டுக்கு 8 இலட்சம் என்றனர். எதற்காக? அனுப்பப்பட்டவன் அல்லற்பட்டால் அந்தப் பணத்தைக் கொண்டு அவனை மீட்டு வரலாம் என்பதற்காக. பதிவே பெறாத இணையக் கங்காணிக்கோ உறுதியும் இல்லை, ரசீதும் இல்லை, முகமும் இல்லை!

கங்காணி என்றேன். காரணத்தோடுதான் சொன்னேன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் மக்களைக் கூட்டிச் சென்ற கங்காணி முதலில் முன்பணம் தந்தான். கப்பல் செலவு, சோற்றுச் செலவு, எல்லாம் கடனாக ஏறியது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போகவேண்டுமாயின் ‘துண்டு’ வேண்டும். இவன் பேரில் இவ்வளவு கடன். அதைத் தீர்ப்பவர் இவனைக் கொண்டுசெல்லலாம் என்று கூறும் ஒரு சீட்டு! மனிதனை மாடாக்கிய அந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தனர். நூறாண்டு கடந்துவிட்டது. துண்டு ஒழிந்தது; கடன் ஒழிந்ததா? அன்று கங்காணியிடம் கடன்பட்டுப் போனான். இன்று அடகுக்கடையிலும் வட்டிக்கடையிலும் கடன்பட்டுப் போகிறான். கடனோடு போகிறவன் கொடுமையை எதிர்த்துப் பேசமாட்டான். சொன்ன சம்பளம் ஒன்று, கிடைப்பது ஒன்று என்றாலும் திரும்பி வரமாட்டான். தாலிக்கொடி அடகில் இருக்கிறதே, எப்படி வருவான்?

இனி, ‘கொள்கை மாற்றம்’ என்ற கேடயத்துக்கு வருகிறேன். கொள்கை மாறும், மறுக்கவில்லை. நேட்டாலில் மாறவில்லையா? ஒப்பந்தம் முடிந்தபின், திரும்பும் கப்பல் கட்டணத்துக்கு ஈடாக நிலம் பெறலாம் என்று இருந்த ஏற்பாட்டை 1891இல் எடுத்துவிட்டனர். 1895இல், ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறுபடியும் கூலிக்கட்டுக்கு உட்படாமல் அங்கே வாழ எண்ணுவோர்மீது ஆண்டுக்கு 3 பவுண்டு வரி என்று சட்டம் செய்தனர். அந்த வரியை ஒழிக்க 1913இல் சுரங்கத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது. அப்போராட்டக் காலத்தில் சிறை சென்று, நோயுற்று, 1914 பிப்ரவரியில் உயிர்நீத்தாள் தில்லையாடி வள்ளியம்மை. பதினாறு வயதுப் பெண்! அதே ஆண்டில் வரி ஒழிந்தது. கொள்கையை மாற்றியவன் எவனோ. விலை கொடுத்தவள் வள்ளியம்மை.

இன்றும் பாரும். 2025 ஜூலை 22ஆம் நாளோடு, முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் வாயிலை இங்கிலாந்து அடைத்தது. அதற்கு முந்திய ஆண்டு, 2024 மார்ச்சிலேயே, அவ்வேலைக்குப் புதிதாக வருவோர் மனைவி மக்களை அழைத்துவரக் கூடாதென்றது. அந்நாட்டுக்கு அதைச் செய்யும் உரிமை உண்டு, இருக்கட்டும். ஆனால், கதவு அடைபடும் என்பதை முதலில் முகர்ந்தறியக்கூடியவன் யார்? அதே தொழிலாய்த் திரிகின்ற தரகனா, வயல் வரப்பிலே நிற்கும் நம் வீட்டுப் பிள்ளையா? அறியக்கூடியவன் பொறுப்பற்றவனாம், அறிய வழியில்லாதவன் இழப்பைத் தாங்கவேண்டுமாம்! இது வணிகமா, வழிப்பறியா?

அயல்நாட்டான் மாற்றுவது இருக்கட்டும். நம் டில்லி ஆட்சி செய்ததைக் கேளும். வளைகுடாவில் நம் தொழிலாளிக்கு இதற்குக் குறைந்த ஊதியம் கூடாது என்று குறிப்பு ஊதியம் ஒன்றை வகுத்திருந்தனர். 2020 செப்டம்பரில், கொள்ளைநோய் உலகை உலுக்கிய வேளையில், அந்தக் குறிப்பு ஊதியத்தை 30 முதல் 50 விழுக்காடுவரை குறைத்துச் சுற்றறிக்கை விட்டனர்! சட்டமன்றம் கூடவில்லை, நாடாளுமன்றம் விவாதிக்கவில்லை; ஒரு சுற்றறிக்கை, அவ்வளவே. கூலியைக் குறைக்காவிட்டால் வேலை அண்டை நாட்டானுக்குப் போய்விடும் என்றனர். தெலங்கானா உயர் நீதிமன்றத்திலே வழக்கு வந்தது, எதிர்ப்புக் கிளம்பியது, 2021 ஜூலையில் பழைய ஊதியத்துக்கே திரும்பினர். நன்று. இடைப்பட்ட பத்துத் திங்களில் குறைந்த கூலிக்குக் கையொப்பமிட்டு விமானம் ஏறியவனுக்கு எவன் பொறுப்பு?

‘கட்டுப்பாட்டை இறுக்கினால் வாய்ப்பு பறந்துவிடும்’ என்று இன்றும் பாடுவோர் உளர். அண்டையிலிருக்கும் நேபாளம், 2015இல், வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் செல்லும் தன் தொழிலாளியின் விசாச் செலவையும் விமானச் செலவையும் வேலை தருவோனே ஏற்கவேண்டும் என்று அறிவித்தது. நடைமுறையில் குறைகள் உண்டு. ஆனால் நெறி எது என்று கூறிற்று. பிலிப்பைன்ஸ் 1995இலேயே சட்டம் செய்தது. அயல்நாட்டு முதலாளி சம்பளம் தராவிட்டால், அனுப்பிய ஏஜண்டும் அவனோடு சேர்ந்து பொறுப்பு. உள்ளூரிலேயே அவனைப் பிடித்து வசூலிக்கலாம்! அதனால் பிலிப்பைன்ஸ்காரருக்கு உலகில் வேலை கிடைக்காமற் போயிற்றா? கப்பலிலே அவர், மருத்துவமனையிலே அவர், வீடுதோறும் அவர்! ஆள் சேர்க்கும் தனியார் நிறுவனங்கள் தொழிலாளியிடம் கட்டணமே வாங்கக்கூடாது என்ற பொது நெறியைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1997இன் 181ஆம் உடன்படிக்கையிலே வகுத்துவிட்டது. உலகம் ‘வாங்காதே’ என்கிறது. நம் விதியோ ‘முப்பதாயிரம் வரை வாங்கு’ என்கிறது. தரகனோ ‘தொண்ணூறாயிரம் கொடு, ஏனென்று கேளாதே’ என்கிறான்!

பதிவின்றி ஆள் சேர்த்தால் தண்டனை என்ன தெரியுமா? 1983ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது, ஈராண்டுவரை சிறை. அபராதம் இரண்டாயிரம் ரூபாய்வரை. ஆம், இரண்டாயிரம்! ஒருவனிடம் தொண்ணூறாயிரம் பறிப்பவனுக்கு அபராதம் இரண்டாயிரம் என்றால், அது தண்டனையா, தரகுக் கழிவா? சட்டத்தை மாற்றப்போகிறோம் என்று 2019இல் ஒரு வரைவு விட்டனர். 2021இல் மற்றொரு வரைவு. 2025 அக்டோபரில் ‘வெளிநாட்டுப் பெயர்ச்சி’ என்ற புதுப் பெயரிலே இன்னொரு வரைவு. வரைவுகள் வந்தன, வாழ்வு வந்ததா?

இந்தத் தளர்ச்சியின் விளைவைக் கண்கூடாகக் கண்டோமே! 2022இல், தாய்லாந்தில் கணினி வேலை என்று சமூக ஊடகத்திலே விளம்பரம். போனவர்கள் படித்த பிள்ளைகள்; பத்தாம் வகுப்பைத் தாண்டியதால் அவர்களுடைய பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. சுற்றுலா விசாவிலே ஏறியவனை எவரும் தடுத்துக் கேட்கவில்லை. எல்லை தாண்டி மியன்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு வதைக்கப்பட்டனர். மீட்கப்பட்டோரில் தமிழ்நாட்டு இளைஞரும் இருந்தனர். ‘படிக்காதவன்தான் ஏமாறுவான்’ என்ற மேதைகள் எங்கே போயினர்?

ஆகவே, கேட்கவேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் எவனும், கடையிலிருந்தாலும் திரையிலிருந்தாலும், ஏஜண்டே என்று நடத்துக! நிபந்தனைகள் தொழிலாளியின் தாய்மொழியிலே, கண்ணுக்குத் தெரியும் எழுத்திலே இருக்கவேண்டும். அவன் ஒப்பிய நாளில் இருந்த நிபந்தனையே இறுதிவரை அவனைக் கட்டவேண்டும். பின்னர் மாற்றியது செல்லாது என்க! கொள்கை மாறி வேலை நின்றால், வாங்கிய பணம் முழுவதும் குறித்த நாளுக்குள் திரும்பவேண்டும்! முதலாளி ஏய்த்தால் அனுப்பியவனும் கூட்டுப் பொறுப்பு ஏற்கவேண்டும்! இரண்டாயிரம் என்ற கேலிக்கூத்து ஒழியவேண்டும்! புதுச் சட்டம் எந்தப் பெயரில் வந்தாலும் சரி. இவை இல்லையேல் அது பழைய கள்ளுக்குப் புதிய மொந்தை.

டில்லி திருந்தும்வரை நாம் கைகட்டி நிற்பதா? இல்லை, தோழரே! உமக்கு வேலை இருக்கிறது. உம் ஊர்ப் படிப்பகத்தை நினைத்துப் பாரும். மாலையில் அங்கே கூடும் பத்து இளைஞரில் ஒருவனேனும் அயல்நாட்டு வேலைக்கு அலைபவன். ‘ஏற்கிறேன்’ என்று அவன் விரல் வைக்குமுன், அந்த நிபந்தனைகளை உரக்கப் படித்துத் தமிழில் சொல்லும். ‘இ-மைக்ரேட்’ என்ற அரசுத் தளத்திலே பதிவு பெற்ற ஏஜண்டுகளின் பட்டியல் உண்டு. பெயர் அதில் இருக்கிறதா என்று தேடிப் பாரும். சென்னையிலே குடிபெயர்வோர் காப்பாளர் அலுவலகம் இருக்கிறது. 1978இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கிறது. வழி தெரியாதவனை அங்கே கொண்டுபோய்ச் சேரும். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொல்பவனை, வாயிலிலேயே நிறுத்தி வழியனுப்பும்.

ஏற்கெனவே ஏமாந்தவனுக்கும் வழி உண்டு. ‘வழக்கு எனில் எங்கள் தலைமையிடம் உள்ள நகரில்தான்’ என்று அந்தத் திரை அச்சுறுத்தும். அஞ்சற்க! 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறையிடுவோன் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, தான் வேலை செய்யும் இடத்திலேயே, வழக்குத் தொடர உரிமை தந்திருக்கிறது. ‘நேர்மையற்ற ஒப்பந்தம்’ எது என்பதற்கும் அச்சட்டம் இலக்கணம் கூறுகிறது. ஒப்பந்தமே நேர்மையற்றது என்று மாநில ஆணையத்தின்முன் முறையிடலாம். நீதிமன்றத்துக்கே போகக்கூடாது என்று எழுதி வாங்கினாலும், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு அதைச் செல்லாததாக்கிவிடும். திரையிலே எழுதியதெல்லாம் சட்டமாகிவிடாது!

அந்தத் தாயின் முறையீட்டை நம் தோழர்கள் இருவர் எழுதிக் கொடுத்தனர். நான் உடனிருந்தேன். எழுதி முடித்ததும் கீழே பெயர் எழுத வேண்டியிருந்தது. எழுதுகோலைக் கையில் வாங்கினார், சற்றுத் தயங்கினார், பிறகு, எழுத்துக் கூட்டி, ஒவ்வோர் எழுத்தாகத் தம் பெயரைத் தாமே எழுதினார். முதியோர் கல்வி வகுப்பிலே கற்றதாம். “கைநாட்டு வைக்கமாட்டேன் தம்பி. நான் எழுதுவேன்” என்றார்.

தோழரே! அவர் எழுதிய அந்தப் பெயருக்கு நாடு மதிப்பளிக்கவேண்டும். அதை அளிக்கச் செய்வது உம் கடமை, என் கடமை. உம் தெருவிலே இன்றிரவு ஒரு விரல், ஒரு திரையின்மேல் நிற்கிறது. போய், அந்தக் கையைப் பற்றும். ‘பொறு தம்பி, படித்துப் பார்ப்போம்’ என்று சொல்லும்!